சேமவச்சு

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதப் புகுந்தால், சிலம்பின் சிறப்பையோ கம்பனின் கவிநயத்தையோ எடுத்துக்கொள்வதே மரபு. நான் எழுத எண்ணியதோ ஒரு பழைய ஜீப்பைப் பற்றியது. பிரேக், டயர், எஞ்சின் முதலிய சொற்கள் இதன்கண் மிகுதியாக வரும். ஆசிரியன்மாரும் நண்பர்களும் பொறுத்தருள்வார்களாக. சென்ற கோடை விடுமுறையில் நான் கற்ற பாடம் ஒன்று அவ்வண்டியிலே தொடங்கி, நமது வகுப்பறையிலே, புறநானூற்றுச் செய்யுள் ஒன்றிலே வந்து முடிந்தது. ஆதலின் இது தமிழுக்கு முற்றும் புறம்பான செய்தியன்று என்று கருதியே எழுதத் துணிந்தேன்.

எங்கள் இல்லம் கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரத்தில் உள்ளது. நகரசபைத் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் வழங்கும் இப்பகுதியில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். திவான் பகதூர் சாலையில் இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் உணவு விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. மாலை வேளையில் அங்கே நடக்க இடம் கிடைப்பது அரிது. ஆயினும் உட்தெருக்களில் பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று எங்கள் அப்புச்சி, அதாவது அன்னையைப் பெற்ற பாட்டனார், வாங்கிய வீடு. வீட்டின் பின்புறத்தில் ஒரு வேப்பமரமும், அதன் நிழலில் ஒரு தகரக் கொட்டகையும் உண்டு. அக்கொட்டகையிலேதான் ஜீப்பு நின்றது.

அப்புச்சி வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றில் யந்திரசாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற காலத்தில், தோட்டத்தார் கழித்துவிட்ட பழைய மகிந்திரா ஜீப்பு ஒன்றை விலைக்கு வாங்கி, ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் இடையிலுள்ள 40 கொண்டையூசி வளைவுகளையும் தாமே ஓட்டியிறங்கி வீடு கொண்டுவந்து சேர்த்தார். ‘சி.ஜே.3பி’ என்பது அவ்வண்டியின் இனப் பெயர். மூக்கு உயர்ந்து, கண்கள் இடுங்கி, பார்ப்பதற்குச் சினங்கொண்ட கிழவரைப்போல் இருக்கும். நான் பிறப்பதற்கு முன்னரே அது எங்கள் வீட்டில் ஒரு மூத்த உறுப்பினராகிவிட்டது.

இவ்வகை வண்டியின் குலமுறையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தார், பாதையில்லாத இடங்களிலும் செல்லக்கூடிய சிறிய வண்டியொன்று வேண்டும் என்று தொழிற்சாலைகளைக் கேட்டனர். அதன் பயனாகத் தோன்றியது ஜீப்பு. 1945-இல் போர் முடிவதற்குள் வில்லிஸ், போர்டு என்னும் இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் ஓய்ந்தபின் மிஞ்சிய வண்டிகளை மக்கள் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டார் அவற்றின் உடலை நீட்டி, கூரை வேய்ந்து, வண்ணம் தீட்டி, ஊர் மக்கள் ஏறும் சிறு பஸ்ஸாக்கிவிட்டனர். ‘ஜீப்னி’ என்ற பெயரில் அது அந்நாட்டின் அடையாளமாகவே ஆயிற்று. நம் நாட்டில் 1945-இல் தோன்றிய மகிந்திரா கம்பெனியார் வில்லிஸின் உரிமை பெற்று ஜீப்புகளைச் செய்யத் தொடங்கினர். மலைத்தோட்டங்கள், வன இலாகா, போலீசு, அரசாங்க அலுவலகங்கள் ஆகிய எங்கும் அவை ஓடின. கிழடானபின் ஏலத்தில் போய்க் குடியானவர் வீட்டு வாயிலில் நின்றன. பெட்ரோல் விலை ஏறியபோது பலர் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டனர். ஜீப்பை மாற்றியமைத்தல் என்பது ஜீப்பளவு பழைய பழக்கமே என்க.

அதிலும் கொங்குநாட்டார்க்கு யந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை உடன்பிறந்தது போலும். கோவைக்கருகில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள், வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தார். அக்கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாவரும் அறிந்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் காரொன்றைச் செய்து காட்டினார். அரசாங்கத்தின் உரிமம் கிடைக்காமையால் அது கடைக்கு வரவில்லை. பிற்காலத்தில் கரிவரதன் என்பார் மாருதிக் காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கோவையிலேயே அமைத்தார். 1995-இல் ஆகாய விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. என் அண்ணனுக்கு இவ்விருவரும் குலதெய்வங்கள்போல. அவன் பொறியியற் பட்டயம் பெற்றுக் கணபதியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கின்றான். கைபேசியில் அயல்நாட்டார் பாறைமேல் ஜீப்பேற்றும் படங்களைக் கண்டு கண்டு, நம் வண்டியும் அவ்வாறு ஆகவேண்டும் என்று ஓராண்டாகவே கனவு கண்டுகொண்டிருந்தான்.

கோடை விடுமுறைக்கு நான் விடுதியிலிருந்து வீடு வந்த மறுநாளே வேலை தொடங்கிற்று. திட்டம் மிகவும் எளியதாகவே தோன்றியது. வண்டியின் பழைய டயர் 28 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது. அதனை நீக்கி 32 அங்குலத்தை நெருங்கிய பெரிய டயரைப் பூட்டவேண்டும். பெரிய டயர் உடலில் உரசாதிருக்க, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டியும் அவற்றைத் தாங்கும் ஷேக்கிள்களை நீட்டியும் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தவேண்டும். முன்னும் பின்னும் கனமான இரும்புக் குழாயால் பம்பர் செய்யவேண்டும். இவ்வளவே. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலே இரண்டு நாள் அலைந்து வேண்டிய பொருள்களைத் தேடினோம். கழற்றிய கியர்ப்பெட்டிகளும் அச்சுகளும் கிரவுன் சக்கரங்களும் மலைபோல் குவிந்துகிடக்க, அவற்றின் நடுவே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், கையால் தடவிப் பார்த்தே இது இன்ன வண்டியின் உறுப்பு, இன்ன காலத்தது என்று சொல்லிவிடுவார். ஏட்டுச்சுவடியைத் தொட்டுப் பார்த்து அதன் காலத்தைக் கூறும் புலவரை நான் கேள்விப்பட்டதுண்டு. இவர் அவருக்கு எள்ளளவும் குறைந்தவரல்லர்.

எனக்கு ஸ்பானர் பிடிக்கவும் தெரியாது. ஆதலின் அண்ணன் எனக்கு ஒரு தனி வேலை கொடுத்தான். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தகர டப்பாக்களில் இட்டு, சீட்டில் பெயரெழுதி ஒட்டுவதே அது. “தமிழ்ப் புலவரே! பேர் வைப்பதுதானே உமது தொழில்?” என்று அவன் நகைத்தான். நானும் விடவில்லை. முன் அச்சு, பின் அச்சு, இடப்பக்கத்து ஆணி, வலப்பக்கத்து ஆணி என்று தொடங்கி, நாளடைவில் கடையாணி, குறடு, ஆர் என்று தேருக்கு வழங்கும் பழஞ்சொற்களையெல்லாம் ஜீப்புக்குச் சூட்டி மகிழ்ந்தேன். அப்புச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்துப் பார்த்துச் சிரிப்பார். அம்மூன்று வாரமும் எங்கள் கொட்டகையில் கிரீசு மணமும் வெல்டிங் புகையும் காப்பி மணமும் ஒன்றாய்க் கலந்திருந்தன. அவ்வளவு மகிழ்ச்சியான விடுமுறையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஒருநாள் வண்டிக்கடியில் படுத்திருந்த அண்ணன், “இந்தக் கைப்பிரேக் இடைஞ்சலாயிருக்கிறது” என்றான். பழைய ஜீப்பின் கைப்பிரேக் மற்றக் கார்களிற்போல் பின்சக்கரங்களில் இராது. எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாப்டின் தலைப்பில் தனியாக ஓர் உருளை இருக்கும். கைப்பிடியை இழுத்தால், இரும்புக் கயிற்றால் இழுபட்ட பட்டை அவ்வுருளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். வண்டியை உயர்த்தியதால் ஷாப்டு சாய்ந்து, அவ்விடம் நெருக்கமாகிவிட்டது. எண்ணெய்க் கசிவினால் அப்பிரேக் ஏற்கெனவே சரிவரப் பிடிப்பதுமில்லை. அண்ணன் உருளையையும் பட்டையையும் கயிற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தான். அப்புச்சி வேப்பமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத எதுக்குக் கண்ணு களட்டறீங்க?” என்று கேட்டார்.

“அது பிடிக்கறதே இல்லீங்க அப்புச்சி. கால் பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது” என்றான் அண்ணன்.

“கால் பிரேக் நல்லா இருக்கறப்ப அது வேண்டாந்தான். நல்லா இல்லாதப்ப?” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே சென்றார். அவர் கூறியதை நாங்கள் கருத்திற் கொள்ளவில்லை. நான் அவ்வுறுப்புகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் இட்டு, சீட்டில் ‘வேண்டாதவை’ என்று எழுதி ஒட்டினேன். அவ்வெழுத்து என் கையெழுத்தே. பிறிதொருவர்மீது பழிசொல்ல எனக்கு வழியில்லை.

இவ்விடத்தில், வண்டியை நான்கு அங்குலம் உயர்த்துதல் என்பது எத்தனை காரியங்களை உட்கொண்டது என்பதைப் பின்னர் நான் அறிந்தவாறு கூறுகின்றேன். பெரிய டயர் ஒரு சுற்றில் முன்னையினும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அதிகத் தொலைவு ஓடும். ஆகவே மீட்டர் 40 மைல் என்று காட்டும்போது வண்டி 45 மைல் வேகத்தில் செல்லும். சக்கரம் பெரிதாயினும் பிரேக் உருளை பழைய அளவினதே. அதே நிலையில் நிறுத்துவதற்கு முன்னையினும் வலிய பிடி வேண்டும். புவியீர்ப்பு மையம் மேலேறுதலால் பக்கச் சரிவில் வண்டி எளிதில் கவிழும். ஸ்டியரிங்கை அச்சோடு இணைக்கும் தண்டு சாய்ந்துவிடுதலால், பள்ளத்தில் விழுந்தெழும்போது வண்டி தானாகவே ஒரு பக்கம் திரும்பும். ஷாப்டின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். இவற்றோடு, வண்டிச் சட்டத்திலிருந்து முன் அச்சுக்குப் பிரேக் எண்ணெயைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. அச்சு கீழே தாழ்ந்த அளவுக்கு அக்குழாயும் நீளவேண்டும். அண்ணன் இவற்றுள் பெரும்பாலானவற்றை அறிந்தே இருந்தான். ஸ்டியரிங் தண்டையும் திருத்தியிருந்தான். அந்த ஒரு முழக் குழாயை மட்டும் மறந்துவிட்டான். சமதரையில் நிற்கும்போது அது முறுக்கின்றி நன்றாகவே இருந்தது.

மே மாதத்தின் ஒரு சனிக்கிழமையன்று வண்டியை எடுத்துக்கொண்டு, தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் மாமாவின் தோட்டத்துக்குச் சென்றோம். புறப்படுமுன் அப்புச்சி வண்டியின்மேல் கைவைத்துச் சுருக்கமாக ஜெபம் செய்தார். பின்னர் என்னைத் தனியே அழைத்து, ஒருபுறம் சரிவாகச் சீவிய கருவேல மரக்கட்டை ஒன்றை என் கையில் தந்தார். “வண்டி மேட்டுல ஏறறப்ப நீ எறங்கி இதக் கையில வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நடந்து வரணும். தோட்டத்துல எங்களுக்கெல்லாம் இதுதான் மொதப் பாடம்” என்றார். லாரிக் கிளீனர் வேலை எனக்கு வாய்த்ததே என்று உள்ளத்தில் சிறிது வெட்கமாயிருந்தது. ஆயினும் பெரியவர் சொல்லைத் தட்டாமல் வாங்கிக்கொண்டேன்.

மலையடிவாரக் காடு வன இலாகாவினுடையது. யானைகளின் நடமாட்டமும் உண்டு. ஆதலின் அங்கே வண்டி விடுதல் தகாது. மாமாவின் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஓர் இட்டேறி செல்கின்றது. கொங்குநாட்டார் அல்லாதார்க்கு இச்சொல் புதிதாயிருக்கலாம். இருபுறமும் கிளுவை வேலி அடர்ந்து நிற்க, இடையே மாட்டுவண்டிகள் சென்று சென்று பள்ளமாகிப்போன வழியையே இட்டேறி என்கின்றோம். அவ்விட்டேறி ஓரிடத்தில் வறண்ட ஓடையில் இறங்கி, மறுகரையில் செங்குத்தாக ஏறும். மாமா தம் டிராக்டரையே அங்கே மெல்லத்தான் விடுவார்.

ஜீப்பில் இரண்டு சிறு பிடிகள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களும் வலிமை பெற்று இழுக்கும். மற்றொன்றைத் தள்ளினால் வேகம் குறைந்து வலிமை மிகும். முதற் கியரில் இவ்விரண்டையும் பூட்டியவிடத்து, எஞ்சின் ஏறத்தாழ 37 முறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும். அந்நிலையில் வண்டி நத்தையைப்போல் ஊர்ந்தேறும். ஆனால் எதற்கும் நில்லாது. அன்று முதலிரண்டு முறையும் அவ்வாறே ஓடையில் இறங்கி மறுகரை ஏறினோம். பெரிய டயர்கள் கற்களைக் கவ்விப் பிடித்து ஏறிய அழகைக் கண்டு நான் ஆரவாரம் செய்தேன். வேலிக்கப்பால் நின்ற பண்ணையாட்களும் கைதட்டினர். அண்ணனின் முகம் கலியாண மாப்பிள்ளையின் முகம்போல் மலர்ந்திருந்தது.

மூன்றாம் முறை அவன் இரண்டாம் கியரில் ஏற முயன்றான். பாதி மேட்டில் எஞ்சின் திணறியது. முதற் கியருக்கு மாற்றுவதற்காகக் கிளட்சை மிதித்துக் கால் பிரேக்கை அழுத்தினான். அப்போது முன்சக்கரங்களுள் ஒன்று குழியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இழுபட்ட அந்த ரப்பர்க் குழாய், பூட்டுவாயிலிருந்து பிய்த்துக்கொண்டது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்த் தொடர்தான். ஓரிடத்தில் அறுந்தால் நான்கும் ஒருங்கே கைவிடும். மிதிகட்டை தரையோடு தரையாகச் சென்றது. முதற் கியரோ வண்டி நிற்கும்போதன்றி எளிதில் விழாது. பற்கள் கரகரவென்று அரைபட்டனவேயன்றிப் பொருந்தவில்லை. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கிற்று. அண்ணனின் இடக்கை, தன்னையறியாமலே, கைப்பிரேக் இருந்த இடத்தைத் தேடித் துழாவியதை நான் என் கண்ணாற் கண்டேன். அங்கே ஒன்றுமில்லை.

நான் வண்டியின் பின்புறத்தில் ஐந்தடி தொலைவில் நின்றிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் கிளுவை வேலி. விலக இடமில்லை. அவ்வேளையில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த கட்டையைப் பின்சக்கரத்தடியில் எறிந்துவிட்டு வேலிமேல் விழுந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கின்றது. சக்கரம் கட்டையின்மேல் அரையடி ஏறி, ஒருகணம் தயங்கி, மீண்டும் இறங்கி நின்றது. பெரிய டயராதலின் இன்னும் சிறிது வேகம் கூடியிருந்தால் அக்கட்டையைத் தாண்டியே வந்திருக்கும். என் முழங்கையில் கிளுவை முள் கீறிய தழும்பு இன்றும் உள்ளது. வேறு தீங்கொன்றும் நேரவில்லை.

மாமா டிராக்டர் கொண்டுவந்து வண்டியை மேலே இழுத்தார். நாங்கள் இருவரும் கிணற்றுமேட்டில் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். இறுதியில் அண்ணன், “உன்னைக் கொன்றிருப்பேனடா” என்று சொல்லி அழுதான். அவன் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாலையில் செய்தி கேட்டு அப்புச்சி வந்தார். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டிக்கடியில் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு என் கட்டைய எங்கே என்று கேட்டு வாங்கி, மண்ணைத் தட்டித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. இரண்டாம் வாரத்தில் எங்கள் ஆசிரியர் புறநானூற்றின் 102-ஆம் பாட்டை நடத்தினார். தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது அது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டியொன்றை அவர் நம் கண்முன் நிறுத்துகின்றார். பூட்டியிருக்கும் எருதுகள் இளையவை. நுகம் இன்னதென்று அறியாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யார் அறிவார்? ஆதலின் உமணர், வண்டியின் அச்சுக்குக் கீழே மற்றோர் அச்சையும் கட்டிச் செல்கின்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். பொகுட்டெழினி தன்னை நம்பினார்க்கு அச்சேமவச்சுப் போன்றவன் என்பது பாட்டின் கருத்து.

இப்பாட்டை நான் முன்னரே படித்திருக்கின்றேன். உரையைக் கரைத்துக் குடித்துத் தேர்விலும் எழுதியிருக்கின்றேன். ஆயினும் அன்று ஆசிரியர் பொருள் கூறிக்கொண்டுவருகையில் என் உடல் சிலிர்த்தது. இளைய எருதுகள் யார்? என் அண்ணனும் நானுமே. அவலும் மிசையும் எவை? தொண்டாமுத்தூர் இட்டேறியே. கீழ்மரத்தில் கட்டிய சேமவச்சு யாது? நான் ‘வேண்டாதவை’ என்று பெயரெழுதி மூடிவைத்த டப்பாவில் கிடந்ததன்றோ அது! சேமவச்சு, வண்டி நன்றாக ஓடும் நாளெல்லாம் வெறும் சுமையாகவே தோன்றும். எருது அதை இழுத்து வருந்தும், காண்பவர் நகைப்பர். அச்சு முறியும் நாளில் மட்டும் அதன் பயன் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சாலையில்லா நிலத்தில் வண்டியோட்டிய உப்பு வணிகர்க்குத் தெரிந்த ஒன்றை, புலமை பேசிய நான் அறியாதொழிந்தேன். அப்புச்சி புறநானூறு படித்தவரல்லர். அவர் அதைத் தோட்டத்து மேட்டிலே கற்றார்.

அன்றிரவே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். கைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நண்பர்கள் கேட்டனர். பேச்சில் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை. அதற்கு அவன் எழுதிய விடையில் புறநானூற்றைப் பற்றி ஒன்றுமில்லை. வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டதாகவும், பழைய அளவு டயர்களையே பூட்டிவிட்டதாகவும், ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் புதியனவாக மாற்றியதாகவும் எழுதியிருந்தான்.

இதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. பழைய வண்டியாதலின் ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களினின்றும் பதிவுச் சான்றிதழ் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, உடையவர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இச்சட்டத்தைப் பற்றி முதலில் கேட்டபோது, ஜி.டி. நாயுடுவின் காரைத் தடுத்த அதே கைதான் இது என்று அண்ணன் சினந்தான். அதில் சிறிது உண்மையும் இருக்கலாம். கொட்டகையில் பிறக்கும் அறிவுக்குச் சான்றிதழ் கொடுப்பவர் நம் நாட்டில் அரியர். ஆயினும் அன்று இட்டேறியில் எங்கள் பின்னால் இருந்தது ஒரு வேலி, அதுவே ஆர்.எஸ்.புரத்துத் தெருவாயிருந்தால், பள்ளி விட்டுவரும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பொதுச் சாலையில் செல்லும் வண்டி நம் ஒருவர்க்கே உரியதன்று என்பதை இப்போது அவனும் ஒப்புக்கொள்கின்றான்.

கைத்திறனைக் காட்ட வேறு வழியும் இல்லாமற் போகவில்லை. 2007 முதல் பொறியியல் மாணவர்க்கென ‘பாஹா’ என்னும் போட்டி நம் நாட்டில் நடைபெறுகின்றது. குழாய்ச் சட்டம், ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் ஆகியவற்றை மாணவர் தாமே கணக்கிட்டு, காட்டுவழியில் ஓடும் சிறு வண்டியொன்றை முதலிலிருந்து கட்டவேண்டும். பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் ஒருங்கே இறுகாவிடில் அவ்வண்டியை ஓட்டத்துக்கு விடமாட்டார்கள். அண்ணன் இப்போது மாலைவேளைகளில், அதற்கென வண்டி கட்டும் இளைஞர் குழுவொன்றுக்கு வெல்டிங் செய்து கொடுக்கின்றான். அவன் முதலில் அவர்களிடம் கேட்கும் கேள்வி, “குழாய் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறீர்கள்?” என்பதே என்று கேள்விப்படுகின்றேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீடு சென்றபோது, கொட்டகையில் ஜீப்பு தன் பழைய உயரத்தில், பழைய கிழவராக நின்றுகொண்டிருந்தது. கைப்பிரேக் மீண்டும் தன் இடத்தில் அமர்ந்திருந்தது. எண்ணெய்க் கசிவை அடைத்து, புதுப் பட்டை ஒட்டியிருந்தான் அண்ணன். நான் ஏறியமர்ந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், இறுகப் பிடித்தது. மூலையிலிருந்த பிஸ்கட் டப்பா வெறுமையாயிருந்தது. அதன்மேல் என் கையால் எழுதிய ‘வேண்டாதவை’ என்ற சீட்டு மங்கிப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அச்சீட்டை நீரில் ஊறவைத்து உரித்தெடுத்தேன். பிரேக்குக்குரிய மாற்றுக் குழாய் ஒன்று, ஷாப்டு மூட்டு ஒன்று, சக்கர ஆணிகள் நான்கு, இரும்புக்கம்பிச் சுருள் ஒன்று ஆகியவற்றை அதனுள் இட்டேன். பின் அப்புச்சியிடம் சென்று அக்கருவேலங்கட்டையைக் கேட்டு வாங்கிவந்து, டப்பாவின் பக்கத்திலே வைத்துக் கட்டினேன். புதுச் சீட்டொன்றில் ‘சேமவச்சு’ என்று எழுதி ஒட்டி, ஓட்டுநர் இருக்கையின் கீழே வைத்தேன். அப்புச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தார். “இது என்ன பேரு கண்ணு?” என்று கேட்டார். நான் ஔவையாரின் பாட்டைச் சொல்லிப் பொருளும் கூறினேன். சற்றுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்தம்மா வண்டியோட்டற எடத்துல இருந்திருக்கோணும்” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே சென்றார்.